அன்று 36 ஷில்லிங், இன்று லட்சம் பவுண்டு: 'நாடுகளின் செல்வம்' முதற்பதிப்பின் கதை

2018 டிசம்பர் 12 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய புத்தகம் 9,08,750 பவுண்டுக்கு விலைபோனது. ஸ்காட்லாந்துப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதிய 'நாடுகளின் செல்வம்', 1776-இல் வந்த முதற்பதிப்பு. அதிலும் அது ஸ்மித்தே தன் வீட்டு நூலகத்தில் வைத்திருந்த பிரதி. உச்ச விலைக்கு அதுதான் காரணம். ஆனால் அப்படிப்பட்ட பெருமை எதுவும் இல்லாத பிரதிகளும், நல்ல நிலையில் இருந்தால், ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுவது இப்போது யாரையும் வியக்க வைப்பதில்லை.

இத்தனைக்கும் அந்த எழுத்து எங்கும் கிடைக்கிறது. இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். மலிவுப் பதிப்புகளும் எத்தனையோ உண்டு. போதாக்குறைக்கு, ஸ்மித் இந்த நூலைப் பின்னால் நிறையத் திருத்தினார், சேர்த்தார். முதற்பதிப்பில் இருப்பது அவருடைய முடிவான வாசகம்கூட இல்லை. பிறகு ஏன் இந்த விலை? புத்தகம் உருவான விதத்திலும், அச்சான விதத்திலும், அதன் பிரதிகள் போய்ச் சேர்ந்த இடங்களிலும் இதற்கு விடை இருக்கிறது.

முதலில் அன்றைய விலை. 1776 மார்ச் 9 அன்று லண்டனில் வில்லியம் ஸ்ட்ராஹனும் தாமஸ் கேடலும் இதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது விலை 1 பவுண்டு 16 ஷில்லிங். அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். மொத்தம் 36 ஷில்லிங், பென்ஸில் சொன்னால் 432. இது எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்துகொள்ள ஸ்மித்தின் புத்தகமே உதவுகிறது. முதல் பாகத்தின் எட்டாம் அதிகாரத்தில் கூலியைப் பற்றிப் பேசும்போது, லண்டனில் சாதாரண உழைப்பாளியின் நாள்கூலி 18 பென்ஸ், எடின்பரோவில் 10 பென்ஸ் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் லண்டன் கூலித் தொழிலாளிக்கு இந்தப் புத்தகம் 24 நாள் கூலி. எடின்பரோ தொழிலாளிக்கு 43 நாள் கூலி. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு பென்ஸ்கூட எடுக்காமல் சேர்த்தால்தான் அதுவும். மேலும், அந்த விலைக்குக் கிடைத்தது வெறும் அட்டை கட்டிய பிரதி. தோல் பைண்டிங் வேண்டுமென்றால் வாங்கியவர் தனியாகச் செலவழித்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே வாங்கியவர்கள் நிலக்கிழார்கள், நாடாளுமன்றக்காரர்கள், வழக்கறிஞர்கள், வசதியான வணிகர்கள். பல பிரதிகள் நேராகப் பெரிய வீடுகளின் நூலக அலமாரிக்குப் போய், நல்ல கன்றுத்தோலில் கட்டப்பட்டு, பல தலைமுறைகள் பத்திரமாக இருந்தன. காகிதமும் துணைசெய்தது. கந்தல் துணியை அரைத்துச் செய்த காகிதம் அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்க் காகிதம்போலப் பழுப்பேறி நொறுங்குவதில்லை. 1880-இல் அச்சான பல புத்தகங்களைவிட 1776-இல் அச்சான இந்தத் தாள்கள் இன்று வெளுப்பாக இருக்கின்றன.

எத்தனை பிரதிகள் அச்சாயின என்பதற்கு ஆய்வாளர்களின் மதிப்பீடு 500-க்கும் 1000-க்கும் நடுவில் நிற்கிறது. ஆறு மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. பதிப்பாளர் ஸ்ட்ராஹன் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. அவரும் கேடலும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் எட்வர்ட் கிப்பனின் ரோமானியப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டிருந்தார்கள். அதை வாங்க மக்கள் முண்டியடித்தார்கள். ஸ்மித்தின் நூல் அந்த வேகத்தில் போகவில்லை என்றாலும், இவ்வளவு யோசித்துப் படிக்க வேண்டிய ஒரு நூலுக்கு நான் நினைத்ததைவிட விற்பனை அதிகம் என்று ஸ்ட்ராஹன் எழுதினார். இரண்டு மாத இடைவெளிக்குள் ஒரே கடையிலிருந்து அந்த நூற்றாண்டின் இரண்டு பெரும் நூல்கள் வந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

அந்த நூலை எழுத ஸ்மித் எடுத்துக்கொண்ட காலம் சாதாரணமானது அல்ல. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியராக இருந்தவர், 1764-இல் அந்த வேலையை விட்டுவிட்டு பக்லூ பிரபுவின் ஆசிரியராகப் பிரான்ஸுக்குப் போனார். துலூஸ் நகரில் நேரம் போகவில்லை. பொழுதைக் கழிக்க ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்று நண்பரும் தத்துவ அறிஞருமான டேவிட் ஹியூமுக்கு எழுதினார். அது இந்த நூலின் தொடக்கம் என்று பலரும் கருதுகிறார்கள். பிரபு குடும்பம் கொடுத்த ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க உண்டு என்பதால், திரும்பி வந்து ஸ்காட்லாந்தின் கிர்கால்டியில் அம்மாவோடு தங்கி எழுத முடிந்தது. 1773-இல் கையெழுத்துப் பிரதியோடு லண்டன் வந்தார். சீக்கிரம் வெளியாகிவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் அமெரிக்கா. குடியேற்ற நாடுகளோடு பிரிட்டனின் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. ஸ்மித் அந்தச் செய்திகளில் மூழ்கிப்போனார். 1776 பிப்ரவரியில் ஹியூம் பொறுமை இழந்து கடிதம் போட்டார்: உங்கள் புத்தகம் அச்சாகி வெகுநாள் ஆகிறது என்கிறார்கள், இன்னும் விளம்பரம்கூட வரவில்லையே, அமெரிக்காவின் தலையெழுத்து முடிவாகட்டும் என்று காத்திருந்தால் நீங்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கும். அடுத்த மாதம் புத்தகம் வந்தது. நான்கு மாதத்தில் அமெரிக்கா விடுதலையை அறிவித்தது. நூலின் கடைசிப் பக்கத்தில் ஸ்மித் பிரிட்டனுக்குச் சொல்வது இதுதான்: பேரரசு என்ற கனவுக்குச் செலவழிப்பதை நிறுத்து, உன் உண்மையான நடுத்தர நிலைக்கு ஏற்றபடி எதிர்காலத் திட்டங்களை அமைத்துக்கொள். இன்று வரலாறாகப் படிக்கும் இந்த வரியை அன்றைய வாசகர் அந்த வாரச் செய்தியாகப் படித்திருப்பார். முதற்பதிப்பை மட்டுமே விரும்புகிறவர்களின் மனத்தை இந்த இடத்தில் என்னால் நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

புத்தகத்தைப் படித்து முடித்த ஹியூம் ஏப்ரல் 1 அன்று மகிழ்ந்து பாராட்டினார். ஆனால் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும், மக்களோ கவனம் செலுத்தத் தயாராக இல்லை, அதனால் தொடக்கத்தில் பெரிதாகப் பரவுமா என்று எனக்குச் சந்தேகம்தான் என்றும் சேர்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹியூம் இறந்துபோனார். முதற்பதிப்பு விற்றுத் தீர்ந்ததைப் பார்க்க அவர் இல்லை.

சரி, ஒருவர் கையில் இரண்டு தொகுதிகளைக் கொண்டுவந்து கொடுத்து இது முதற்பதிப்பு என்று சொன்னால் எப்படி நம்புவது? பழம்புத்தக வணிகர்கள் முதலில் பார்ப்பது அளவை. இது குவார்ட்டோ. அதாவது அச்சிட்ட பெரிய தாளை இரண்டு முறை மடித்து நான்கு இதழ்களாக ஆக்கியது. முதல் தொகுதி 510 பக்கம், இரண்டாவது 587 பக்கம். தலைப்புப் பக்கத்தில் ஸ்மித் 'கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் அறவியல் பேராசிரியர்' என்று மட்டும் இருப்பார். அவர் 1778-இல்தான் சுங்கத்துறை ஆணையர் ஆனார். ஆகவே ஸ்காட்லாந்துச் சுங்க ஆணையர் என்ற பதவி பெயரோடு ஒட்டியிருந்தால் அது பிந்தைய பதிப்பு.

அப்புறம் நுணுக்கமான விஷயங்கள். நூலின் பெயரை மட்டும் தாங்கி, தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் வரும் தனித்தாள் இரண்டாம் தொகுதியில் மட்டுமே உண்டு. முதல் தொகுதிக்கு அது அச்சாகவே இல்லை. இரண்டாம் தொகுதியின் முடிவில் பதிப்பாளரின் விளம்பரப் பக்கம் ஒன்று இருக்க வேண்டும். பைண்டிங் செய்தவர்கள் அந்தப் பெயர்த்தாளைத் தேவையில்லை என்று கழித்துவிடுவது அந்தக் காலத்தில் சகஜம். இருந்தால் விலை ஏறும், இல்லாவிட்டால் இறங்கும்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அச்சாகி முடிந்த பிறகு பிழையோ மாற்றமோ தெரியவந்தால், அந்த ஒரு இதழை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, திருத்தி அச்சிட்ட புதிய இதழை மிச்சமிருக்கும் விளிம்பில் ஒட்டுவார்கள். 'நாடுகளின் செல்வம்' முதற்பதிப்பில் முதல் தொகுதியில் ஆறு, இரண்டாம் தொகுதியில் இரண்டு என எட்டு இதழ்கள் இப்படி மாற்றப்பட்டவை. தைத்த இடத்தை லேசாக விரித்துப் பார்த்தால் ஒட்டிய விளிம்பு தெரியும். எந்த மின்நூலிலும் பார்க்க முடியாத ஒன்று இது. ஒரு மனிதர் கடைசி நிமிடத்தில் மனம் மாறியதன் தடயம் காகிதத்திலேயே இருக்கிறது.

ஏமாற வாய்ப்புள்ள இடமும் ஒன்று உண்டு. தலைப்புப் பக்கத்தில் 1776 என்று இருந்தாலும் அது லண்டன் பதிப்பாக இல்லாமல் போகலாம். அதே ஆண்டில் டப்ளினில் மூன்று சிறிய தொகுதிகளாக ஒரு பதிப்பு வந்தது. பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டம் அப்போது அயர்லாந்துக்குச் செல்லாது. அதனால் டப்ளின் புத்தகக்காரர்கள் லண்டனில் வரும் நல்ல நூல்களை உடனே மலிவாக அச்சிட்டு விற்றார்கள். அங்கே அது சட்டப்படி சரி. இதுவும் அரிய பதிப்புதான், விரும்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விலை லண்டன் குவார்ட்டோவுக்குப் பக்கத்தில்கூட வராது. '1776, மூன்று தொகுதிகள்' என்று யாராவது சொன்னால் அது டப்ளின் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

இனி விலையின் பொருளாதாரத்துக்கு வருவோம். தண்ணீரைப்போலப் பயனுள்ளது எதுவும் இல்லை, ஆனால் அதைக் கொடுத்து ஒன்றும் வாங்க முடியாது, வைரத்துக்குப் பயன் எதுவும் இல்லை, ஆனால் அதற்கு ஈடாக ஏராளமான பொருள்கள் கிடைக்கும் என்று ஸ்மித் இதே நூலில் எழுதினார். 1799-இல் பாத் நகரில் தங்கியிருந்தபோது இந்த நூலைப் படித்துத்தான் பங்குத் தரகர் டேவிட் ரிக்கார்டோவுக்குப் பொருளாதாரத்தில் ஆர்வம் வந்தது. 1817-இல் அவர் தன் பெரும் நூலை எழுதியபோது, முதல் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஒரு விதிவிலக்கைச் சொல்கிறார். சில பொருள்களின் மதிப்பை அருமை ஒன்றே தீர்மானிக்கிறது, எவ்வளவு உழைத்தாலும் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. அதற்கு அவர் கொடுக்கும் உதாரணங்களில் அரிய சிலைகள், ஓவியங்களோடு அரிய புத்தகங்களும் இருக்கின்றன. வாங்குபவர்களின் செல்வமும் விருப்பமும் மாற மாற இவற்றின் விலையும் மாறும் என்கிறார். தன்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்த நூலே ஒருநாள் அந்தப் பட்டியலில் சேரும் என்று அவர் நினைத்திருப்பாரா தெரியாது.

இங்கே எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்பது பாதிதான். விற்பனைக்கு வரக்கூடிய எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பது மீதி. இதற்கு ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல் என்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1849-இல் பிறந்த ஆங்கிலேயப் பொருளாதாரப் பேராசிரியர். பழைய பொருளாதார நூல்கள், துண்டுப் பிரசுரங்கள் எதைப் பார்த்தாலும் வாங்குவார். யாரும் மதிக்காமல் கிடந்த காலத்தில் வாங்கிச் சேர்த்து, 1901-இல் சுமார் 30,000 நூல்களை 10,000 பவுண்டுக்கு லண்டன் பொற்கொல்லர்களின் பழைய சங்கமான கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனிக்கு விற்றார். அவர்கள் அதை 1903-இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தோடு நிற்கவில்லை ஃபாக்ஸ்வெல். மறுபடி வாங்கத் தொடங்கி இன்னொரு பெரிய சேகரத்தை உருவாக்கினார். 1936-இல் அவர் இறந்த பிறகு அது அமெரிக்காவுக்குப் போய் ஹார்வர்டின் கிரெஸ் நூலகத்துக்கு அடித்தளம் ஆனது. இன்றும் ஏல அட்டவணையில் ஒரு பழைய பொருளாதார நூல் வந்தால், பக்கத்தில் 'கோல்ட்ஸ்மித்ஸ்' எண்ணும் 'கிரெஸ்' எண்ணும் போடுவார்கள். இரண்டுமே ஒரே மனிதரின் அலமாரியிலிருந்து பிறந்த எண்கள்.

இப்படி ஒரு நூலகத்துக்குள் போன பிரதி பெரும்பாலும் சந்தைக்குத் திரும்புவதில்லை. ஸ்மித்தின் சொந்தப் புத்தகங்களுக்கும் அதே கதைதான். 'என் புத்தகங்களில் மட்டும்தான் நான் அலங்காரப் பிரியன்' என்று நண்பர் ஒருவரிடம் சொன்னவர் அவர். அவர் இறந்ததும் நூலகம் உறவினர் டேவிட் டக்ளஸுக்கும், பிறகு அவருடைய மகள்களுக்கும் போய்ப் பிரிந்தது. ஒரு பகுதி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதியை 1920-இல் லண்டனில் வாங்கி டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார் ஜப்பானிய அறிஞர் நிதோபே இனாசோ. ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஒருவரின் பெயர்ச்சீட்டு ஒட்டிய புத்தகங்களைப் பார்க்க இன்று டோக்கியோவுக்குப் போக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கீன்ஸின் 'பொதுக் கோட்பாடு' நல்ல உதாரணம். 1936-இல் மாணவர்களும் வாங்கட்டும் என்று வேண்டுமென்றே 5 ஷில்லிங்குக்கு விற்ற நூல் அது. அதன் முதற்பதிப்பும் தேடப்படுவதுதான். ஆனால் ஸ்மித்தின் விலையில் மிகச் சிறிய பங்கே அதற்குக் கிடைக்கிறது.

கையெழுத்துப் பிரதி இல்லாமல் போனதும் முதற்பதிப்பின் மதிப்பைக் கூட்டியது. தன் கடைசி நாள்களில், 1790 ஜூலையில், ஸ்மித் நண்பர்கள் ஜோசஃப் பிளாக்கையும் ஜேம்ஸ் ஹட்டனையும் அழைத்து, தன் குறிப்புகள் 16 தொகுதிகளை எரித்துவிடச் சொன்னார். அவர்கள் எரித்தார்கள். சில நாளில் அவர் இறந்தார். அச்சுக்குப் போன 'நாடுகளின் செல்வம்' கையெழுத்துப் பிரதியும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த நூல் முதன்முதலாக உலகத்துக்கு வந்த வடிவத்தைத் தொட்டுப் பார்க்க 1776 குவார்ட்டோ ஒன்றுதான் வழி.

ஆனால் படிப்பதற்கு? இங்கே சேகரிப்பவர்களோடு நான் முரண்படுகிறேன். 1778-இல் இரண்டாம் பதிப்பு சில்லறை மாற்றங்களோடு வந்தது. 1784-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் பெரிய மாற்றம். 1782 டிசம்பரில் கேடலுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்மித் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார்: லண்டனில் வாங்கி வந்த புத்தகங்களைப் படிக்கும் சுகத்தில் புதிய பதிப்பு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். அதே கடிதத்தில் தான் சேர்க்கப்போவதைச் சொல்கிறார். அதில் முக்கியமானது, அரசின் சாசனம் பெற்ற வணிகக் கம்பெனிகளின் வரலாறும், அவை எவ்வளவு அபத்தமானவை, எவ்வளவு தீமையானவை என்ற விளக்கமும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாறு அந்தச் சேர்க்கையில்தான் விரிவாக வருகிறது. டூப்ளே, பாண்டிச்சேரி, கர்நாடகப் போர்கள், கம்பெனி சென்னையைப் பறிகொடுத்தது, உடன்படிக்கையில் அது திரும்பக் கிடைத்தது என்று எல்லாம் ஸ்மித்தின் பேனாவில் வருகின்றன. அந்தச் சமயத்திலிருந்து போர் வெறியும் நாடு பிடிக்கும் வெறியும் கம்பெனி ஊழியர்களைப் பிடித்துக்கொண்டன, பிறகு அவர்களை விட்டு நீங்கவே இல்லை என்று எழுதுகிறார். நம் ஊர் வரலாற்றைப் பற்றி ஸ்மித் சொன்ன மிக நேரடியான வார்த்தைகள் இவை. லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கும் 1776 பதிப்பில் இவை இல்லை.

முதற்பதிப்பில் கம்பெனியைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. வங்காளத்தில் மழை பொய்த்தது பற்றாக்குறையை மட்டும் கொண்டுவந்திருக்கும், அரிசி வணிகத்தில் கம்பெனி ஊழியர்கள் போட்ட முறையற்ற கட்டுப்பாடுகள் அதைப் பஞ்சமாக மாற்றியிருக்கலாம் என்ற வரி அதில் உண்டு. 1770-இன் கொடும் பஞ்சம் நடந்து ஆறே ஆண்டில், கம்பெனியின் பங்குதாரர்கள் நிறைந்திருந்த லண்டனில் இதை அச்சிடத் துணிச்சல் வேண்டும். வணிகர் கூட்டம் ஒன்றின் ஏகபோக ஆட்சிதான் ஒரு நாட்டுக்கு வாய்க்கக்கூடிய ஆட்சிகளிலேயே மோசமானது என்பதும் முதற்பதிப்பிலேயே இருக்கிறது. குற்றச்சாட்டு 1776-இல் வந்துவிட்டது. வழக்கின் முழு விவரமும் 1784-இல் வந்தது.

முதல் இரண்டு பதிப்புகளை வாங்கியவர்களை ஸ்மித்தும் பதிப்பாளர்களும் கைவிடவில்லை. புதிய சேர்க்கைகளை மட்டும் 79 பக்கத்தில், அதே குவார்ட்டோ அளவில், தனியாக அச்சிட்டார்கள். பழைய தொகுதியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். இந்த 79 பக்கமும் உள்ளே தைக்கப்பட்ட முதற்பதிப்புப் பிரதி சில சமயம் கண்ணில் படுகிறது. எனக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால் அதைத்தான் எடுப்பேன். அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கும் சுத்தமான பிரதியைத் தேடுகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்தும் அந்த நூலைப் படித்துக்கொண்டிருந்த, புதியதைத் தேடி வாங்கிச் சேர்த்துக்கட்டிய ஒரு வாசகர் அதில் இருக்கிறார்.

நூலை ஆராய்ந்து பதிப்பித்தவர்களும் 1776 வாசகத்தை அடிப்படையாகக் கொள்ளவில்லை. 1904-இல் எட்வின் கேனன் எடுத்துக்கொண்டது ஸ்மித் வாழ்நாளில் கடைசியாக வந்த 1789-இன் ஐந்தாம் பதிப்பை. 1976-இல் இருநூறாம் ஆண்டு நினைவாக வந்த கிளாஸ்கோ பதிப்பு 1784-ஐ எடுத்துக்கொண்டது. இரண்டிலும் முதற்பதிப்பின் வேறுபாடுகள் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வருகின்றன. எந்த வரி எப்போது நுழைந்தது என்று ஒப்பிட விரும்புகிறவர் அந்த அடிக்குறிப்புகளிலிருந்து தொடங்கலாம்.